கைகள் அதே கைகள்தான்!



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "உழைக்கிறவன் ஒழுங்கா உழைச்சா கம்பெனி தானா உயரும், மேலாளருக்குத் தலைமைப் பயிற்சி, அது இதுன்னு செலவு பண்றது தண்டம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நான் அவரை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போகிறேன். டிக்கெட் செலவு நடுவருடையது! (சிரிப்பு)

கலிபோர்னியாவிலே ஃபிரிமாண்ட் என்று ஒரு ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை. சில நாளில் ஐந்திலே ஒருவர் வேலைக்கே வரமாட்டார். வந்தவர்களிலும் சிலர் குடித்துவிட்டு வேலை பார்த்தார்கள். நிர்வாகமும் தொழிலாளியும் எலியும் பூனையும்தான். என்ன கோளாறு வந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக்கூடாது என்பது மேலிடத்துச் சட்டம். கோளாறோடேயே கார் நகர்ந்து போகும். 1982ல் ஆலையை இழுத்து மூடினார்கள். பழி யார் மேலே? தொழிலாளி மேலே!

1984ல் ஜப்பானின் டொயோட்டா கூட்டு சேர்ந்து அதே ஆலையைத் திறந்தது. அதே தொழிற்சங்கம். எடுத்த ஆட்களில் 100க்குச் சுமார் 85 பேர் அதே பழைய ஆட்கள். அப்போ, மாறியது என்னங்க? நடத்துகிற விதம்! குழுத்தலைவர்களையும் மேற்பார்வையாளர்களையும் நூற்றுக்கணக்கில் ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். அதட்டுவதற்கு அல்ல, காது கொடுத்துக் கேட்பதற்கு!

வேலை நடக்கிற இடமெல்லாம் ஒரு கயிறு தொங்கும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் இழுப்பாரே மணிக்கயிறு, அதுமாதிரி. கோளாறு கண்டால் தொழிலாளி இழுக்கலாம். குழுத்தலைவர் ஓடி வருவார். "எவன்டா இழுத்தவன்?" என்று கேட்கமாட்டார். "என்ன சிக்கல்? நான் என்ன உதவி செய்யணும்?" என்பார். தீராவிட்டால் வரிசையே நிற்கும். 1986 முடிவதற்குள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளிலேயே உற்பத்தித் திறனில் அதுதான் முதலிடம்! (கைதட்டல்)

அப்புறம் அதே கலிபோர்னியாவில் வான் நைஸ் ஆலைக்கும் இந்த முறையைக் கொண்டுபோனார்கள். அங்கே மேற்பார்வையாளர்களுக்கு வரிசை நிற்பது பொறுக்கவில்லை. முறை வேரூன்றவில்லை. 1992ல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். கயிறு கட்டுவது சுலபமுங்க. இழுத்தவனைத் திட்டாத மேலாளரை உருவாக்குவதுதான் கஷ்டம்!

"ஃபிரிமாண்ட் ஆலையும் 2010ல் மூடிப்போச்சே" என்று தம்பி கேட்பார். ஆமாம். 2009ல் ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. மறு வருஷம் டொயோட்டாவும் கைவிட்டது. அந்த முடிவை எடுத்தது யார்? காரைப் பூட்டிய கைகளா? மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள்தானே! அப்போதும் என் கட்சிதான் ஜெயிக்கிறது. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, சோம்பேறி, குடிகாரன் என்று கழித்துக்கட்டிய அதே மனிதர்கள்தான் நல்ல கார் செய்து காட்டினார்கள். கை மாறவில்லை, கைப்பிடித்து நடத்தியவர்கள் கற்றுக்கொண்டார்கள். மேலாளர் கற்றுக்கொள்ளாவிட்டால் அடி விழுவது தொழிலாளி வயிற்றிலே. அதனால் மேலாளருக்குத் தலைமைப் பண்பைக் கற்றுக்கொடுக்கும் செலவு தண்டமில்லை, விதைநெல் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.