மைக்கை யார் பக்கம் வைப்பது?

கைக்குள் அடங்குகிற ரிக்கார்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு, இதுக்கு எந்த மைக் போடலாம் என்று கேட்கிற மாணவத் தோழர்கள் இப்போது நிறையப் பேர். கம்பெனி எது, விலை என்ன என்றுதான் கேட்கிறார்கள். அந்தச் சின்ன மைக் எப்படி நம்ம கைக்கு வந்தது என்பது தெரிந்தால் அதை எங்கே வைப்பது என்பதும் தெரியும்.

1925க்கு முன்னால் இசைத்தட்டுப் பதிவில் மைக்கே கிடையாது. தகரக் குழல்தான். அதற்குள் முகத்தை விட்டுக் கத்தணும். முணுமுணுப்பு ஏறாது, பெருமூச்சு ஏறாது. 1920-களில் சென்னை மாகாணத்து மொழிகளையும் வட்டார வழக்குகளையும் அரசாங்கம் ஒலித்தட்டில் பிடித்தது. ஆட்களைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னது என்ன? பைபிளில் வருகிற ஊதாரி மகன் கதையை. எல்லாரும் அதே கதையைச் சொன்னால் ஒப்பிட வசதியாம். நாக்கு பேசுகிறவனுடையது, கதை வேற யாருதோ.

பிறகு மின்சார மைக் வந்தது. நல்ல மைக் என்றால் தனியாக மின்னழுத்தம் கொடுக்கணும், பெட்டி வேணும், கம்பி வேணும். ஸ்டுடியோவுக்கும் ரேடியோ நிலையத்துக்கும் ஆன சாமான். சேரிக்குள் தூக்கிக்கொண்டு வருகிற சாமான் இல்லை.

இதை மாற்றியவர்களில் ஒருவர் கறுப்பர். ஜேம்ஸ் வெஸ்ட், 1931-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் பிறந்தவர். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு கறுப்புப் பிள்ளைகள் உட்காரக்கூடாது என்று, 1959-லிருந்து 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடிய ஊர் அது. (ஊர்க் கிணற்றில் நம்மாள் தண்ணி சேந்தினால் கிணற்றையே தூர்த்துவிடுகிற புத்தி நமக்குத் தெரியாததா?) இயற்பியல் படிக்கிறேன் என்றபோது அவர் அப்பா மூன்று கறுப்பர்களைக் காட்டினாராம். மூவரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். கிடைத்த நல்ல வேலை தபால் ஆபீஸில். வெஸ்ட் கேட்கவில்லை. 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெர்மானியரான கெர்ஹார்ட் செஸ்லரோடு சேர்ந்து எலக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார். மின்னூட்டத்தைத் தனக்குள்ளேயே வருஷக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்கிற மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதனால் ஒரு சின்ன பேட்டரி போதும், சட்டைப் பொத்தான் அளவுக்கு மைக் சுருங்கும். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உலகத்தில் செய்த மைக்குகளில் பெரும்பகுதி இந்த வகைதான். 1963-இல் பிலிப்ஸ் கேசட்டும் வந்தது. யந்திரம் தோளில் தொங்க ஆரம்பித்தது.

புதுச்சேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீரம்மா பேசியது இந்தக் கேசட் காலத்தில்தான். பறையர் சாதி, பண்ணையில் கூலி, பிரசவம் பார்க்கிறவர், பாட்டுக்காரி. பன்னிரண்டு பெற்று மூன்று பிழைத்தது. பாட்டுப் பதிவு செய்யப் போன இசை ஆய்வாளர் ஜோசியான் ரசீன், பாட்டுக்கு நடுவில் வந்த பேச்சில் மாட்டிக்கொண்டார். ஏறத்தாழ பத்து வருஷப் பேச்சு அது. அவரும் ஜான்-லுக் ரசீனும் தொகுத்து 1995-இல் பிரெஞ்சில் புத்தகம் வந்தது, 1997-இல் ஆங்கிலத்தில். பேசினது தமிழ், முதலில் படித்தது பாரிஸ்! புத்தகம் முழுக்க வீரம்மாவின் குரல்தான். ஆனால் ஒரு பேச்சு என்றால் கேட்கிறவரும் இருக்கிறார். எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்தது என்பது டேப்பில்தான் இருக்கும், அதுவும் மைக் இரண்டு பேரையும் கேட்டிருந்தால்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு பக்கம் மட்டும் கேட்கிற மைக்கைக் கையில் நீட்டிப் பிடிக்காதீர்கள். நிருபர் நீட்டுவது மாதிரி இருக்கும். சனங்களும் நிருபருக்குச் சொல்வதையே சொல்வார்கள். எல்லாப் பக்கமும் கேட்கிற சின்ன கிளிப் மைக் நல்லது, காற்றிலும் கைபடுகிற சத்தத்திலும் அவ்வளவாகக் கெடாது. பேசுகிறவரின் நெஞ்சருகே ஒன்று, முடிந்தால் கேட்கிறவருக்கும் ஒன்று. புடவை உரசாத இடமாக, அவங்களையே குத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோரிமேட்டில் இதை சோதித்துப் பார்க்கலாம். ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த சனம் காத்துக் கிடக்கிற இடம், திண்டிவனம் சாலையில் பஸ் ஓயாது. ரிக்கார்டரை நாலடி தள்ளி வைத்தால் பஸ்தான் பதிவாகும். தூரம் இரண்டு மடங்கானால் குரலின் செறிவு நாலில் ஒன்றாகிவிடும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய மைக்காக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அங்கே ஓர் ஆயா என்னிடம் கேட்டது: "இத்த மாட்டிகினு பேசுனா யாருப்பா கேப்பாங்க?" பதில் சொல்லிவிட்டுத்தான் பட்டனை அமுக்கணும்.

கடையில் இன்னும் இரண்டு பாருங்கள். எலக்ட்ரெட் மைக்குக்குச் சின்ன மின்னழுத்தம் வேண்டும். ரிக்கார்டரின் மைக் துளை அதைக் கொடுக்கிறதா, இல்லை மைக்கிலேயே பேட்டரி போடணுமா என்று கேளுங்கள். சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற வசதியை அணைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அது ஓடினால் பறை அடிக்கிற அடியை அமுக்கும், ஒப்பாரிக்கு இடையில் வருகிற மௌனத்தில் இரைச்சலை ஏற்றும். பறைக்குக் கிளிப் மைக் ஆகாது, பிளறும். பத்தடி தள்ளி நின்று, அளவைக் குறைத்து எடுங்கள்.

முடிந்ததும் காதில் மாட்டி அவங்களையே கேட்க வையுங்கள். வேண்டாம் என்று சொன்ன இடத்தை அங்கேயே அழித்துவிட்டு, ஒரு காப்பி அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.