கூட்டு என்னும் கறிப்பெயர்

வல்லக்கோட்டை முருகனை வணங்கிவிட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் குறுக்கிடும் இடம் வரும். ஊரார் அதைக் 'கூட்ரோடு' என்பார்கள். செய்தித்தாள்கள் 'கூட்டுச்சாலை' என்று எழுதும். அந்தப் பக்கத்து வீடுகளில் பாசிப்பருப்போடு சிறுகீரை வெந்து, அரைத்த தேங்காயும் சீரகமும் சேர்ந்து, தாளிப்போடு இறங்கினால் அதற்கும் பெயர் கூட்டுத்தான். சாலைக்கும் கறிக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது?

கூடு என்பது தன்வினை, தானே வந்து சேர்வது. டகரம் இரட்டித்துக் கூட்டு என்றானதும் அது பிறவினையாகி, ஒருவர் முனைந்து சேர்ப்பதைக் குறிக்கிறது. அந்தப் பகுதியே விகுதி ஏதும் ஏலாமல் பெயராக நின்று, செயலின் பெயர் செயலால் விளைந்த உணவுக்கு ஆகிவந்தது. வற்றலும் இவ்வாறு வந்த தொழிலாகுபெயர்தான். ஆயினும் நம் கறிப்பெயர்களைச் சற்று அடுக்கிப் பாருங்கள்: பொரியல், வறுவல், வதக்கல், அவியல், மசியல், கடைசல். நெருப்போ மத்தோ காய்க்கும் கீரைக்கும் என்ன செய்தது என்பதையே இவை சொல்கின்றன. கூட்டு மட்டும் அதைச் சொல்லாமல், ஒன்றோடொன்று சேர்ந்ததைச் சொல்கிறது; சாலைகள் சேரும் இடத்துக்கும் அது பொருந்துவது அதனால்தான். ஒரு காயைத் தனியே பொரிக்கலாம், வறுக்கலாம்; தனியே எதையும் கூட்ட முடியாது.

வீட்டுக்குள் இந்த வினை இன்னும் எத்தனை வேலை செய்கிறது! வாசலைக் கூட்டுகிறோம், அடுப்பைக் கூட்டுகிறோம், புளிக்கரைசலில் தூளும் உப்பும் இட்டுக் குழம்பு கூட்டி வைக்கிறோம். சித்த மருத்துவர் சரக்குகளை அளவறிந்து சேர்ப்பது மருந்துக்கூட்டு. நெல்லைச் சீமையில் அரிசியும் துவரம்பருப்பும் காய்களும் முருங்கைக்கீரையும் ஒரே பானையில் வெந்தால் கூட்டாஞ்சோறு. மலையாளத்தில் சோற்றோடு சேர்த்து உண்ணும் கறியே கூட்டான், தோழனோ கூட்டுகாரன்.

கீரைக்கூட்டில் கூடுகிற கீரை, பருப்பு ஆகிய இரண்டின் பெயர்களும் பழமை வாய்ந்தவை. இலைக்கறிக்கு அடகு என்றொரு அழகிய சொல் சங்க நூல்களில் உண்டு. இன்றைய காதுக்கு அது அடகுக்கடையை நினைவூட்டுவதால் கீரை முழுவதுமாக அதன் இடத்தை எடுத்துக்கொண்டது என்றே எண்ணுகிறேன். கீரையும் பிற்காலத்தது அன்று: புறநானூற்றின் 159ஆம் பாட்டில், பெருஞ்சித்திரனாரின் வறுமையைச் சொல்லுமிடத்தில், குப்பைக்கீரை முளைத்திருக்கிறது. கன்னடத்துக் கிவி நமக்குச் செவி, அவர்களின் கிறு நமக்குச் சிறு. இகர ஈகார எகர ஏகாரங்களுக்கு முன் ககரத்தைப் பெரும்பாலும் சகரமாக்குவது நம் நாவின் வழக்கம். அப்படியிருந்தும் கீரையை நாம் மாற்றவில்லை. மலையாளிகள்தாம் அதைச் சீர என்றாக்கினார்கள்.

பருப்பு, பருத்தலைச் சொல்லும் பரு என்னும் அடியோடு ஒலியாலும் பொருளாலும் இயைவது; தோலுக்குள் திரண்டிருக்கும் உள்ளீடு அது. அதனால்தான் முந்திரிக்கும் வாதுமைக்கும்கூடப் பருப்பு என்ற பெயர் ஒட்டுகிறது. மலையாளத்தில் பரிப்பு, தெலுங்கில் பப்பு, கடல் கடந்து சிங்களத்திலும் பரிப்பு. வடக்கே வழங்கும் தால், பிளத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது. அவர்கள் உடைத்ததைப் பார்த்துப் பெயரிட்டார்கள். நாம் உள்ளே திரண்டதைப் பார்த்தோம். இரண்டும் நல்ல பார்வைகளே.

தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடம் பகுதியில் வடக்கிலிருந்து வந்தவர்களின் தால் தட்டில் இடம்பெறுவது இயல்பு, வரவேற்கத்தக்கதும்கூட. ஆனால் நம் பாசிப்பருப்பையும் சிறுகீரையையும் சேர்த்து வேகவைத்த கறியைக் 'கீரை தால்' என்று பலகையில் எழுத வேண்டியதில்லை. உணவகம் நடத்தும் அன்பர்களே, கீரைக்கூட்டு என்றே எழுதுங்கள்.