எட்வாட் மூங்கின் ‘அலறல்’

மனிதனது வெற்றியையும் வீரத்தையும் தீட்டிய ஓவியர் ஐரோப்பிய நாடுகளிலே பலராவர். அவனது தளர்ச்சியையும் தனிமையையும் மறையாது எழுதிக் காட்டியோர் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் நோர்வே நாட்டு ஓவியர் எட்வாட் மூங்க் (1863–1944) ஆவர்.

மூங்க் ஐந்து வயதுச் சிறுவனாயிருந்தபொழுது, 1868இல், அவர்தம் தாயார் காசநோயால் இறந்தார். 1877இல் தமக்கை சோபியையும் அந்நோயே கவர்ந்தது. அத்துயரை உட்கொண்டு 1885–86இல் ‘நோயுற்ற குழந்தை’ என்னும் ஓவியத்தை அவர் தீட்டினார். அதன்கண் வர்ணத்தைப் பன்முறை பூசியும் சுரண்டியும் எழுதிய தழும்புகள் வெளிப்படையாகவே தோன்றும். 1886இல் அதனைக் கண்டோர், முற்றுப்பெறாத ஓவியமென்று எள்ளினர். ஆயின், ஆறாத துயருக்கு அத்தழும்புகளே ஏற்ற மொழியாயின.

இம்முறையின் முதிர்ச்சியை 1893இல் எழுந்த ‘அலறல்’ காட்டுகின்றது. ஒஸ்லோ நகரத்துத் தேசிய நூதனசாலையிலுள்ள இவ்வோவியம் சீலையில் எழுதப்பட்டதன்று. வெறும் காட்போட் மட்டையிலே தெம்பரா வர்ணமும் கிரேயன் கோடுகளும் கலந்து தீட்டப்பட்டது. வர்ணம் படாத மட்டை ஆங்காங்கே தெரிகின்றது. ஆண், பெண் என்ற வேறுபாடும் முதுமை, இளமை என்ற வேறுபாடும் அற்ற உருவமொன்று பாலத்திலே நிற்கின்றது. பின்னே இருவர் அதனைப் பொருட்படுத்தாது நடக்கின்றனர்.

அவ்வுருவமே அலறுகின்றதெனப் பலர் கருதுவர். மூங்க் எழுதிவைத்த குறிப்போ வேறு கூறும். மாலைப் பொழுதிலே இரு நண்பருடன் உலாவியபோது வானம் குருதிநிறம் கொண்டது. நண்பர் நடந்து சென்றனர். அச்சத்தால் நடுங்கி நின்ற அவர், இயற்கையினூடே எல்லையற்ற அலறலொன்று எழுவதை உணர்ந்தார் என்பதே அதன் கருத்து. எனவே, அவ்வுருவம் காதுகளைப் பொத்துவது அவ்வலறலைக் கேளாதிருக்கவே எனல் பொருந்தும். வானத்தின் வளைகோடுகள் உருவத்தின் உடலிலும் வளைந்தோடுகின்றன. பின்வரும் இருவரோ நேராக நிமிர்ந்துள்ளனர். துன்புறுவோன் கேட்பதை உடன்வருவோர் கேளார் என்னும் கொடிய தனிமை இவ்வேறுபாட்டாலே புலனாகின்றது.

அத்தனிமை ஓவியத்துக்கு வெளியேயும் தொடர்ந்தது. 1895இல் கிறிஸ்தியானியாவில் மூங்கின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அக்காலத்து மாணவர் கூட்டமொன்றிலே, மருத்துவ மாணவர் ஒருவர் ஓவியரின் மனநலத்தையே ஐயுற்றுப் பேசினார். பித்தன் ஒருவனே இதனைத் தீட்டியிருத்தல் கூடும் என்னும் பொருளுடைய வாசகமொன்று ‘அலறல்’ ஓவியத்தின் மேல்மூலையிலே பென்சிலால் எழுதப்பட்டுள்ளது. பகைவர் எவரோ கிறுக்கியதெனப் பலகாலம் கருதப்பட்டது. 2021இல் அகச்சிவப்பு ஒளிப்படத்தின் உதவியால் கையெழுத்தை ஒப்புநோக்கிய நூதனசாலையார், அது மூங்கின் கையெழுத்தே எனத் தெளிந்தனர். 1895இல் அல்லது அதனையடுத்து அவர் அதனை எழுதியிருத்தல் வேண்டுமென்பது அவர்தம் கருத்து.

ஊரார் வீசிய பழிச்சொல்லையும் ஓவியத்தின் ஓர் உறுப்பாக்கிக்கொண்டார் மூங்க். வர்ணமும் கிரேயனும் பென்சிலும் சேர்ந்து ஒரு மட்டையிலே விட்டுச்சென்ற அம்மனத்தின் சுவடு, துணையின்றித் துன்புறுவோருக்கு இன்றும் துணையாய் நிற்கின்றது.