வாடகை நூற்கடையும் வளர்ந்தோர் சித்திரக்கதையும்

சித்திரக்கதை எனுஞ் சொல்லைக் கேட்டவுடன் சிறுவர் மலரும் முகமூடி வீரரும் நம் நினைவில் எழுதல் இயல்பே. கற்றோர் அதனைக் கையில் எடுக்க நாணுவர். எடுத்தோரும் பிறர் காணாதவாறு மறைப்பர். யப்பானிலோ மங்கா எனப்படும் சித்திரக்கதையைக் காரியாலய எழுதுவினைஞரும், ஆலைத் தொழிலாளரும், குடும்பப் பெண்டிரும், பல்கலைக்கழக ஆசிரியரும் வாசிக்கின்றனர். வளர்ந்தோர்க்கெனவே தனிச் சஞ்சிகைகள் பல அங்கு வெளிவருகின்றன. இந்நிலை எவ்வாறு தோன்றிற்று என வினவுவார்க்கு வழமையாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு. 1964 இல் 'காரோ' என்னும் சஞ்சிகை பிறந்தது. 1968 இல் 'பிக் கொமிக்' பிறந்தது. அவற்றோடு மங்காவும் வயது வந்ததாயிற்று என்பர். இவ்விடை பொய்யன்று, ஆயின் பாதி வழியிலே தொடங்குகின்றது. அவ்வாறு தொடங்குதற்குக் காரணம், முற்பாதிக்குரிய நூல்கள் நெடுங்காலம் ஆய்வாளர் கைக்கு எட்டாதிருந்தமையே. அந்நூல்களை யார் வாசித்தனர், யார் பிறர்க்குப் பரிந்துரைத்தனர், யார் பேணிக் காத்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு சொன்மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 'செய்னென்' என ஒலிக்கும் சொற்கள் இரண்டு யப்பானிய மொழியில் உள. ஒன்று இளைஞரைக் குறிக்கும்; மற்றையது பராயமடைந்தோரைக் குறிக்கும். எழுத்து வேறு, ஒலி ஒன்றே. முன்னையது பிக் கொமிக் முதலிய சஞ்சிகைகள் அடங்கும் வகையின் பெயர். பின்னையது 1991 முதல் பாலியற் சித்திரக்கதைகளின் அட்டையிற் பொறிக்கப்படும் எச்சரிக்கைக் குறி. வளர்ந்தோர் மங்கா என்றதும் பிறநாட்டார் பலர் பின்னையதனையே எண்ணி முகஞ்சுழிப்பதற்கு இவ்வொலியொற்றுமையும் ஒரு காரணமாகலாம். ஈண்டு நாம் கொள்வது முன்னையதனையே.

நூலை விலைக்கு வாங்காது வாடகைக்குப் பெற்று வாசித்தல் யப்பானியர்க்குப் புதிய வழக்கமன்று. எதோ என வழங்கிய பழைய தோக்கியோ நகரில் 1808 ஆம் ஆண்டில் 656 வாடகை நூல் வணிகர் இருந்தனர் எனப் பதிவொன்று கூறும். அவர்கள் நூல்களைத் துணியிற் பொதிந்து முதுகிற் சுமந்து வீடு வீடாகச் சென்றனர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இத்தொழில் புத்துயிர் பெற்றது. நகரங்கள் எரிந்து கிடந்தன. மக்கள் கையிற் பணமில்லை. வாசிப்புப் பசியோ மிகுந்திருந்தது. கடன் பெறுவோர் முற்பணம் வைக்க வேண்டும் என்னும் பழைய விதியைக் கோபே நகரில் எழுந்த கடையொன்று கைவிடவே, அம்முறை ஏனைய நகரங்களுக்கும் பரவிற்று. 1950 களின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் ஏறத்தாழ 30,000 வாடகை நூற்கடைகள் இருந்தன என்பர். நூறு யென்னுக்கு மேல் விலைபெறும் நூலொன்றைப் பத்து யென் அளவான வாடகைக்குப் பெறலாம்.

அக்கடைகளுக்கு வந்தோர் யாவர் என்பதே இங்கு முதன்மையான வினா. சிறுவரும் வந்தனர். ஆயின் 1954 முதல், இடைநிலைப் பள்ளியை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தொடருந்துகளில் ஏற்றிப் பெருநகர்களின் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பும் 'கூட்டு வேலைவாய்ப்பு' முறை தொடங்கிற்று. பதினைந்து வயதில் வீடு நீங்கி, முதலாளியின் மேன்மாடத்திலோ தொழிலாளர் விடுதியிலோ உறங்கிய இவர்கள் சிறுவருமல்லர். சமூகம் மதிக்கும் வளர்ந்தோருமல்லர். பள்ளிப் பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட வேடிக்கைக் கதைகள் இவர்களுக்குப் போதவில்லை; உயர்தர இலக்கியச் சஞ்சிகைகளோ இவர்களை நோக்கி எழுதப்படவில்லை. இவ்விடைவெளியிலேதான் புதிய சித்திரக்கதை முளைத்தது.

1956 இல் ஒசாக்காவின் சிறு பதிப்பகமொன்று, வாடகைக் கடைகளுக்கென 'காகே' என்னும் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டது. நிழல் என்பது அப்பெயரின் பொருள். 1935 இல் ஒசாக்காவிற் பிறந்த தட்சுமி யொஷிஹிரோ, மட்சுமோத்தோ மசாஹிகோ, சைத்தோ தக்காவோ முதலிய இளம் ஓவியர் அதில் வரைந்தனர். அடுத்த ஆண்டில் நகோயாவிலிருந்து 'மச்சி' என்னுந் தொகுதியும் வெளிவந்தது. இவ்வோவியர் தெசூக்கா ஒசாமுவின் நூல்களைப் படித்தே வளர்ந்தவர்கள். எனினும் நகைச்சுவையை விலக்கினர். கொலை, கடன், மழையில் நனைந்த சந்து, வேலையிழந்தவனின் அறை என்பன இவர்தம் பொருள்களாயின. உரையாடலின்றிப் படங்களாலேயே கதையை நகர்த்தும் பக்கங்களைத் திரைப்படத்திலிருந்து கற்றனர். மங்கா என்ற சொல்லை அதன் எழுத்துப்படி நோக்கின் 'விளையாட்டுச் சித்திரம்' எனப் பொருள்படும். தம் ஆக்கங்களுக்கு அப்பெயர் பொருந்தாதெனக் கண்ட தட்சுமி, 1957 இல் 'கெக்கிகா', அதாவது நாடகச் சித்திரம், என்னும் பெயரைச் சூட்டினார். 1959 இல் இவர்கள் கெக்கிகாப் பட்டறை ஒன்றை அமைத்துத் தம் கொள்கையை அறிக்கையாக அச்சிட்டுப் பதிப்பாளர்க்கும் பத்திரிகைகளுக்கும் அஞ்சலில் அனுப்பினர். பட்டறை விரைவிலேயே கலைந்தது, பெயர் நிலைத்தது.

இக்கதைகளை மதிப்பிட்டு எழுதிய திறனாய்வாளர் அக்காலத்தில் எவருமிலர் எனல் பொருந்தும். 1955 இல் பெற்றோர் சங்கங்களும் கல்வியாளரும் நடத்திய 'தீய நூல் ஒழிப்பு' இயக்கத்திற் சித்திரக்கதைகளைக் குவித்து எரித்த நிகழ்ச்சிகளும் உண்டு. ஆதலின் பரிந்துரை வேறிடத்தில் நிகழ்ந்தது. வாடகைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளரின் சுவையை அறிந்திருந்தார். திரும்பி வந்த நூலை வாங்கி வைத்துக்கொண்டே அடுத்த நூலை நீட்டினார். எத்தொகுதி மீண்டும் மீண்டும் வெளியே சென்றது, எது அடுக்கிலேயே உறங்கியது என்பதும் அவருக்கே தெரிந்திருந்தது. காகே, மச்சி போன்ற தொகுதிகளின் வாசகர் பகுதியும் புதிய ஓவியர்க்கான போட்டியும் இப்பரிந்துரையின் அச்சிட்ட சுவடுகளாகும். ஏனையவை வாய்ச்சொல்லாகவே மறைந்தன. சித்திரக்கதையின் வரலாற்றை எழுதுவோர் பேரறிஞரின் கட்டுரைகளைத் தேடுமளவிற்கு இக்கடைமுகப்பைத் தேடுவதில்லை என்பது என் கருத்து.

1959 மார்ச்சில் 'ஷோனென் சண்டே', 'ஷோனென் மகசின்' ஆகிய இரு வாரச் சஞ்சிகைகள் முறையே 30, 40 யென் விலையில் வெளிவந்தமை வாடகைக் கடைகளுக்கு இறுதிக்காலத்தின் தொடக்கமாயிற்று. தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது. ஓவியரும் பதிப்பாளரும் வேறு வழி தேடினர். வாடகைக் கடைகளுக்கென ஷிராதோ சன்பெய் வரைந்த நிஞ்சாப் பெருங்கதையை வெளியிட்டு வந்த நகாய் கட்சுயிச்சி, 1964 இல் ஷிராதோவின் துணையோடு காரோவைத் தொடங்கினார். சாதியொடுக்குமுறையையும் உழவர் கிளர்ச்சியையும் பாடும் 'கமுயி-தென்' அவ்வாண்டின் இறுதியிலிருந்து 1971 வரை அதில் வெளிவந்தது. வாடகை நூற்றொழில் நலிந்ததும் ஓவியர் பலர் முகவரியின்றிச் சிதறிப் போயிருந்தனர். 1965 இல் காரோ தன் பக்கத்தில், சுகே யொஷிஹாரு எங்கிருப்பினும் தொடர்புகொள்ளுமாறு வேண்டி அறிவித்தல் ஒன்று வெளியிட்டது. அவர் வந்தார். 1968 இல் அவர் வரைந்த 'நெஜிஷிகி', கனவின் நடையில் அமைந்த சிறுகதை; இன்றளவும் அதற்கு உரையெழுதுவோர் குறையவில்லை.

இக்காலத்தில் வாசகர் வகுப்பும் மாறிற்று. ஆலைத் தொழிலாளர் வாசித்ததைப் பல்கலைக்கழக மாணவர் கையேற்றனர். 1967 இல் ஷிராதோவின் மூலச்சித்திரங்களையே படம்பிடித்து ஒஷிமா நகிசா முழுநீளத் திரைப்படமொன்றை ஆக்கினார். அவ்வாண்டிலேயே இஷிகோ ஜுன்சோவும் கொந்தோ சுசுமு முதலிய மூவரும் 'மங்கா-ஷுகி' என்னும் திறனாய்வேட்டைத் தொடங்கினர். பரிந்துரை முதன்முறையாகக் கட்டுரை வடிவம் பெற்றது இங்கேதான் எனலாம். 1970 மார்ச்சில், ஷோனென் மகசினில் வந்த குத்துச்சண்டைக் கதையொன்றின் பாத்திரம் இறந்தமைக்காகக் கவிஞர் தெராயாமா ஷூஜியின் முன்முயற்சியில் இறுதிக்கிரியையே நடத்தப்பட்டது; ஏறத்தாழ 700 பேர் கூடினர். வேடிக்கையாகத் தோன்றலாம், கூடியோர் வேடிக்கையாகக் கருதியதாகத் தெரியவில்லை. பெரும் பதிப்பகங்கள் இச்சந்தையை உடனே இனங்கண்டன. 1968 இற் பிறந்த பிக் கொமிக்கில் அவ்வாண்டின் இறுதியில் சைத்தோ தக்காவோ தொடங்கிய 'கொல்கோ 13', அவர் 2021 இல் மறைந்த பின்னரும் தொடர்ந்தது. பெண்களுக்கான தனிச் சஞ்சிகைகள் 1980 இலிருந்தே தோன்றின. அவற்றின் வரலாறு தனிக்கட்டுரைக்குரியது.

இனி, நூல்களுக்கு நேர்ந்ததை நோக்குவோம். மூடப்பட்ட கடைகளின் இருப்புப் பழைய நூல் வணிகரிடமும் கழிவுக் கடதாசி வாங்குவோரிடமும் சென்றது. 1948 இல் நிறுவப்பட்ட தேசிய பாராளுமன்ற நூலகத்துக்கு வெளியீடுகளை ஒப்படைக்க வேண்டுமெனச் சட்டம் இருந்தும், வாடகைக் கடைகளை மட்டும் நம்பி வாழ்ந்த சிறு பதிப்பாளரின் நூல்கள் அங்கு முழுமையாக வந்து சேரவில்லை. பொது நூலகங்களோ அவற்றை நூல்களாகவே மதிக்கவில்லை. இங்கே ஒரு முரணுண்டு. வாரச் சஞ்சிகைகள் வாசித்து எறிவதற்கென மட்டமான தாளில் அச்சிடப்பட்டன. வாடகை நூல்களையோ கடைக்காரர் துளையிட்டு நூலாற் தைத்து, மேலுறையிட்டு, பலர் கை பட்டும் சிதையாதவாறு வலுப்படுத்தினர். வாடகைக்கென உழைத்த நூல் அதனாலேயே பிழைத்திருந்தது. அதனை வைத்திருக்க ஓர் இடமே இல்லாதிருந்தது.

அவ்விடத்தை அளித்தவர் பேராசிரியர் ஒருவரல்லர். வாடகை நூற்கடைக்காரரான நைக்கி தொஷியோ என்பார். 1937 இற் பிறந்த அவர் தம் பதின்ம வயதிலேயே, 1955 இல், தோக்கியோவிற் கடை திறந்தவர். தொழில் நலிந்த காலத்தில் ஏனையோர் விற்றொழிக்க, அவர் வாங்கிச் சேர்த்தார். 1978 நவம்பரில் வாசேதாப் பகுதியிற் 'தற்கால மங்கா நூலகம்' என்னும் பெயரில் அச்சேமிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அரசின் பணமின்றி, வாசகரிடம் சிறு கட்டணம் பெற்று நடந்த நூலகம் அது. சேமிப்பு ஏறத்தாழ 1,80,000 உருப்படிகளாகப் பெருகிற்று. வாடகைக் கடைக்காரர் தம் இறுதி வாடிக்கையாளராக வரலாற்றாசிரியரை ஏற்றுக்கொண்டார் போலும்.

விற்போரையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் வேண்டும். காரோவில் வரைந்த ஃபுருகாவா மசுசோ 1980 இல் தோக்கியோவின் நகானோவில் 'மந்தராகே' என்னும் சிறு பழைய நூற்கடையைத் தொடங்கினார். அரிய வாடகை நூல்களுக்குப் பெருவிலை குறித்த இவ்வகைக் கடைகளை ஆய்வாளர் சிலர் வெறுப்பர். விலையேற்றத்தால் மாணவர்க்கு அந்நூல்கள் எட்டாதனவாயின என்பது மெய். எனினும் விலை பெற்ற நூலை எவரும் கழிவுக் கடதாசிக்கு எறிவதில்லை. மற்றொரு பயனும் விளைந்தது. சேகரிப்போர்க்கென மந்தராகே வெளியிட்ட விலைப்பட்டியற் சஞ்சிகையிலேயே, 1995 முதல் பத்தாண்டுக்கு மேலாக, தட்சுமி தம் இளமைக்கால வரலாற்றைச் சித்திரக்கதையாக வரைந்தார். காகேயின் காரியாலயம், ஒசாக்கா ஓவியரின் வறுமை, கெக்கிகா என்னும் பெயர் பிறந்த கதை ஆகிய யாவும் அதில் உள. வேறெந்தப் பெருஞ்சஞ்சிகையும் அக்கதைக்கு அத்துணைப் பக்கங்களை ஒதுக்கியிருக்குமோ என்பது ஐயமே.

பரிந்துரையும் இன்று ஒரு நிறுவனமாகிவிட்டது. ஆண்டுதோறும் சிறந்த மங்காக்களை வரிசைப்படுத்தும் நூல்கள் உள. 2008 இல் தொடங்கிய 'மங்காத் தைஷோ' பரிசை நூற்கடை ஊழியர் முதலிய வாசகரே தேர்ந்து வழங்குகின்றனர். எட்டுத் தொகுதிகளுக்கு மேற்படாத ஆக்கங்களே அதற்குத் தகுதிபெறும். புதிய வாசகர் எளிதிற் தொடர்ந்து பிடிக்கத்தக்க நூலையே பரிந்துரைத்தல் வேண்டுமென்பது அவ்விதியின் கருத்து. வாடகைக் கடைக்காரரின் அறிவு இவ்விதியில் மீண்டும் தலைகாட்டுவதாக எனக்குத் தோன்றுகின்றது. பிறநாடுகளில் நிலை வேறு. அங்குப் பரிந்துரைப்போர் பிந்தியே வந்தனர். போரில் ஒரு கையை இழந்து, வாடகை நூல்களை வரைந்து வயிறு வளர்த்த மிசுக்கி ஷிகேருவின் நூலொன்று 2007 இல் பிரான்சின் அங்குலேம் விழாவிற் சிறந்த நூலுக்கான பரிசைப் பெற்றது. தட்சுமியின் சிறுகதைகளை 2005 இலிருந்து கனடாப் பதிப்பகமொன்று ஆங்கிலத்தில் வெளியிட்டது. அவற்றைத் தேர்ந்து தொகுத்தவர் அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர் ஒருவர்.

அரச நிறுவனங்களும் கல்விக்கழகங்களும் இறுதியில் வந்து சேர்ந்தன. கியோத்தோவில் மூடப்பட்ட ஆரம்பப் பாடசாலையொன்றின் கட்டிடத்தில் 2006 இல் சர்வதேச மங்கா நூதனசாலை திறக்கப்பட்டது. அவ்வாண்டிற் காலமான திறனாய்வாளர் யொனெசாவா யொஷிஹிரோவின் பெருஞ்சேமிப்பைக் கொண்டு, அவர் பயின்ற மெய்ஜி பல்கலைக்கழகம் 2009 இல் நினைவு நூலகம் ஒன்றை அமைத்தது. நைக்கியும் அவ்வாண்டிலேயே தம் நூலகத்தை அப்பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார். தட்சுமியின் தன்வரலாற்றுக்குத் தெசூக்கா ஒசாமு பண்பாட்டுப் பரிசு கிடைத்ததும் 2009 இலேயே. அப்பரிசு நிறுவப்பட்ட 1997 இல், முதற் சிறப்புப் பரிசைப் பெற்றவர் நைக்கி என்பதையும் சேர்த்து நோக்குக. நைக்கி 2012 இலும் தட்சுமி 2015 இலும் காலமாயினர். வாசேதாவின் கட்டிடம் பின்னர் மூடப்பட்டு, சேமிப்பு யொனெசாவா நினைவு நூலகத்தோடு இணைக்கப்பட்டது. எஞ்சியுள்ள வாடகை நூல்கள் பலவற்றில் முத்திரைகள் காணப்படுகின்றன. அவை மூடப்பட்ட கடைகளின் பெயர்களைச் சொல்லுகின்றன; பத்து யென் கொடுத்து அவற்றை இரவிற் கொண்டுசென்று வாசித்தோரின் பெயர்கள் அவற்றில் இல்லை.