தவக்காலம் 40 நாள்னு சொல்றாங்க... எண்ணினா 46 வருதே, ஏன்?

காஞ்சிபுரம் என்றதும் கோயிலும் பட்டும்தான் நினைவுக்கு வரும். அங்கே கிறிஸ்தவ ஆலயங்களும் உண்டு. கத்தோலிக்கப் பங்குகள், 2002-ல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

2026-ல் தவக்காலத் தொடக்கம் பிப்ரவரி 18. ஈஸ்டர் ஏப்ரல் 5. இடையில் 46 நாள். ஞாயிறு இயேசு உயிர்த்த நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது. 6 ஞாயிறைக் கழித்தால் சரியாக 40.

முதல் நாள் சாம்பல் புதன். பெரியவர்கள் வாயில் இன்னும் 'விபூதிப் புதன்'தான். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள்.

அப்போ 40 நாளும் பட்டினியா?

இல்லை. கத்தோலிக்கர்களுக்குக் கட்டாய 'ஒருசந்தி' சாம்பல் புதன், புனித வெள்ளி என இரண்டே நாள். ஒருவேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. இது 18 வயது முடிந்தவர்களுக்கு, 59 நிறையும் வரைதான். அந்த நாட்களிலும் வெள்ளிக்கிழமைகளிலும் 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சி தவிர்ப்பது 'சுத்தபோசனம்'. மீனுக்குத் தடையில்லை. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒருசந்தியில் விலக்கு உண்டு. சுகர் மாத்திரை போடும் பாட்டி அடம்பிடித்தால் இதைக் காட்டுங்க!

சி.எஸ்.ஐ. சபைகளில் இதுவே 'லெந்து நாட்கள்'. உபவாசம் அவரவர் விருப்பம்.

வெள்ளிக்கிழமைகளில் 14 நிலை சிலுவைப்பாதை நடக்கும். பூசையில் 'அல்லேலூயா' பாட மாட்டார்கள். குருவின் மேலுடை ஊதா. கல்யாணங்களையும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அதனால் இந்த மாதங்களில் காஞ்சிக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வரும் கத்தோலிக்கக் குடும்பம் என்றால், தேதி பெரும்பாலும் ஈஸ்டருக்குப் பிறகுதான்.