பழைய வானொலியைத் தேடி

செவிவழிப் பெறும் செல்வத்தைப் போற்றக் ‘கேள்வி’ என்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அச்செல்வத்தை இருபதாம் நூற்றாண்டில் வீடுதோறும் கொண்டுவந்து சேர்த்தது வானொலி. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த நம்மனோர்க்கு அது வெறும் செய்திக் கருவியன்று. தாய்மொழி வீட்டினுள் நுழையும் சாளரமாகவும் விளங்கியது. அன்று கேட்ட நாடகங்களையும் உரைச்சித்திரங்களையும் இன்றும் ஒலிபரப்பும் நிலையங்கள் உளவோ என்று அமீர்பேட் அன்பர்கள் அவ்வப்போது நம்மை வினவுவதுண்டு. விடை தேடப் புகுந்தபோது, அவ்வினாவுக்கு முந்திய வினா ஒன்று எதிர்ப்பட்டது. அவற்றுள் எவை காக்கப்பட்டன? காத்தவர் யாவர்?

நாம் வாழும் ஊரிலிருந்தே தொடங்குவோம். அமீர்பேட்டில் மெட்ரோ ரயிலேறினால் ஐந்தாம் நிலையம் சட்டமன்றம். அதனை அடுத்த சைபாபாத்தில் இருக்கிறது ஐதராபாத் வானொலி. இதன் முன்னோடி தக்காண வானொலி. மஹபூப் அலி என்பார் 1933இல் தம் முயற்சியால் தொடங்கிய சிறு நிலையத்தை 1935இல் நிஜாம் அரசு ஏற்றது. 1948 செப்டம்பரில், இந்தியப் படைகள் வந்த பின், நிஜாம் தம் மக்களுக்கு உரையாற்றியதும் இவ்வானொலி வாயிலாகவே. 1950 ஏப்ரல் 1 அன்று அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது.

தமிழ் ஒலிபரப்பின் வரலாறு இதனினும் சற்று மூத்தது. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924இலேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. பொருள் முட்டுப்பாட்டால் அது நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் பிறந்தன. இலண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941இல் தொடங்கியது. அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்து அறிஞர் சோ. சிவபாதசுந்தரம். அதன் வானொலிச் சேவை 2017இல் நிறைவுற்றது.

இத்தனை ஆண்டுகளில் பேசப்பட்டதும் பாடப்பட்டதும் கடல் போன்றது. எஞ்சியிருப்பதோ சில குடங்களே. தொடக்கக் காலத்தில் கச்சேரியும் நாடகமும் நிலையத்தில் நிகழ்த்தப்பட்ட அந்நேரமே ஒலிபரப்பாகிக் காற்றோடு கலந்தன. பின்னர்க் காந்த ஒலிநாடா வந்தது. ஆயினும் நாடாவின் விலை அதிகம். எனவே ஒரு நிகழ்ச்சி முடிந்தபின் அதனை அழித்து, அதே நாடாவில் மற்றொன்றைப் பதிவது உலகெங்கும் வழக்கமாயிற்று. பகைமையால் எவரும் அழித்தாரல்லர், சிக்கனம் அழித்தது.

அமெரிக்க நாட்டில் நிலை வேறு. விளம்பரதாரர்களுக்காகவும் போர்முனை வீரர்களுக்காகவும் நிகழ்ச்சிகளைப் பெரிய தட்டுகளில் பதித்து வைத்தனர். பயன்முடிந்த பின் அத்தட்டுகள் ஆர்வலர் பலருடைய கைக்குச் சென்றன. 1930களின் நாடகங்களை அந்நாட்டு நிலையங்கள் இன்றும் ஒலிபரப்ப முடிவது இதனாலேயே. இலண்டனிலும் பழைய நாடகங்களை மறு ஒலிபரப்புச் செய்யவென்றே 2002இல் ஓர் அலைவரிசை தோன்றியது. ‘ரேடியோ 4 எக்ஸ்ட்ரா’ என அது இப்போது வழங்குகிறது.

நம் பக்கத்தில் இவ்வாறு பேணிய பெருமை கொழும்புக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் நேசப்படையினருக்காக அங்கு நிறுவப்பட்ட வானொலி 1949இல் இலங்கை அரசின் வசமாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் நம் நாட்டின் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இருந்த இடத்தைக் குறைத்தார். நேயர்கள் கொழும்பை நாடினர். பம்பாயில் அமீன் சயானி பதிவு செய்த ‘பினாக்கா கீத்மாலா’ கொழும்பு சென்று அங்கிருந்து இந்தியா எங்கும் ஒலித்தது. தமிழில் எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் குரல்கள் கடல் கடந்து வந்தன. இந்நிலையை உணர்ந்தே 1957 அக்டோபர் 3 அன்று இந்தியா ‘விவித் பாரதி’யைத் தொடங்கியது.

ஒலிபரப்பிய தட்டுகளைக் கொழும்பு நூலகம் வீசிவிடவில்லை. அதனால் அங்குள்ள இந்திச் சேவை நெடுங்காலம் காலைதோறும் பழம்படப் பாடல்களை ஒலிபரப்பி, இறுதியில் கே. எல். சைகலின் பாடலொன்றோடு நிறைவு செய்ய முடிந்தது. பாடியவர் 1947இலேயே மறைந்தார். பேணியவர் இருந்தமையால் பாட்டு மறையவில்லை.

இன்று தேடுவோர்க்கு வழிகள் சில உண்டு. அகில இந்திய வானொலியின் சென்னை, திருச்சி நிலையங்களைக் கேட்க, முன்போல் அறை முழுதும் ஏரியல் கம்பி கட்டி, இரவுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலி அவற்றைக் கைப்பேசியிலேயே தருகிறது. விவித் பாரதியின் ‘ஹவா மஹல்’ நாடகங்களும், மறந்த பாடல்களை நினைவூட்டும் ‘பூலே பிஸ்ரே கீத்’தும் பல பத்தாண்டுகளாகத் தொடர்பவை. பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் பழம்பதிவுகள் பலவற்றை யூடியூபில் வெளியிட்டு வருகிறது. ஈழத்தில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறது.

இவற்றில் எதிலும் கிடைக்காதவை நம் வீட்டுப் பரண்களில் இருத்தல் கூடும். இதனை நாம் கற்றது எம் பிழையினால். எம் தந்தையார் வானொலிப் பெட்டியின் முன் டேப் ரிக்கார்டரை வைத்துத் திருச்சி நிலையத்தின் நாடகம் ஒன்றைப் பதிவு செய்திருந்தார். பள்ளிச் சிறுவராயிருந்த நாம் அதன்மேலேயே திரைப்பாடல்களைப் பதிந்துவிட்டோம். தந்தையார் சினந்தாரில்லை, சற்றுநேரம் பேசாதிருந்தார், அவ்வளவே. அண்மையில் அந்தக் கேசட்டை ஓட்டிப் பார்த்தோம். பாடல்கள் ஓய்ந்த இடத்தில் நாடகத்தின் இறுதி இரண்டு நிமிடம் தப்பியிருந்தது. அதனூடே, அருகில் அமர்ந்து கேட்ட எம் பாட்டியாரின் குரல்: “சத்தம் போடாதீங்கடா!” பாட்டியார் மறைந்து ஆண்டுகள் பல. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கேசட்டுகளை எறியாதீர்கள். ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளை ஒடித்துவிட்டால், அதன்மேல் தவறியும் மறுபதிவு நிகழாது. ஈரமும் காந்தமும் அணுகாமல் நிறுத்தி வையுங்கள். நிலையம், நிகழ்ச்சி, நாள் ஆகியவற்றைப் பெரியவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதி வையுங்கள். பின்னர் அவற்றைக் கணினிக்கு மாற்றுங்கள். அவற்றின் பட்டியலொன்றைச் சங்கம் தொகுத்தல் நலம்.

பழைய நிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் நிலையத்தைத் தேடுகிறோம். ஒலிபரப்புதற்குப் பொருள் வேண்டுமன்றோ? அப்பொருளின் ஒரு பங்கு, அமீர்பேட் வீடொன்றின் தகரப் பெட்டியில் கிடக்கலாம். அதனை எடுத்துத் தூசி தட்டுவதே நம் முதற்கடன்.