மலையகத்தில் நாயும் காவலும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

தனிமனிதப் பாதுகாப்புக்கு நாயை நம்பலாமா என்னும் வினா, முதற்பார்வைக்கு விலங்கியல் சார்ந்ததாகவே தோன்றும். ஆயின், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்கும்போது, எவருடைய நாய், எதனை, எவரிடமிருந்து காக்கிறது என்னும் வினாக்களாக அது விரிவடைகிறது. காவல் என்பது நாயின் இயல்பில் மட்டும் உறைவதன்று. உடைமை உறவுகளுக்குள் வைத்தே அது பொருள் பெறுகிறது என்பது நமது கருத்து.

மலையகத்தின் குடியேற்றவாத வரலாற்றில் நாய் முதலில் இடம்பெறுவது காவலனாக அன்று, வேட்டைத் துணையாகவே. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டம் ஒன்றை வைத்து மரை வேட்டையாடியவர். இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும் எனப் பொருள்படும் தலைப்பில் நூலொன்றும் எழுதினார். அந்நூலில் நாய்கள் தனித்தனிப் பெயரும் குணமும் உடையனவாக வருகின்றன. ஹோட்டன் சமவெளியிலுள்ள ஃபார் விடுதி, அதே வேட்டை மரபைச் சேர்ந்த தோமஸ் ஃபார் என்பவரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. காடும் அதன் உயிர்களும் ஆள்வோரின் பொழுதுபோக்குக்கு உரியன என்னும் எண்ணத்தின் கருவியாகவே நாய் இங்கு அமைந்தது.

கோப்பியும், 1867 இல் லூல்கந்துறையில் ஜேம்ஸ் ரெயிலர் தொடக்கிய தேயிலையும் பரவியபோது, வேட்டைநாயின் வழித்தோன்றல் பங்களா நாயாயிற்று. தோட்டம் முழுவதும் தனியார் உடைமை. அதனுள் நுழையும் அந்நியர் அத்துமீறுவோர். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றித் தொழிலை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. துரையின் உண்மையான காவல் இச்சட்டமே. வாயிலில் நின்ற நாய் அதன் கட்புலனாகும் அடையாளம் மாத்திரமே. கோ. நடேசையர் புடைவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைய நேர்ந்தமை, அக்காவல் எவரைத் தடுப்பதற்காக அமைந்தது என்பதைத் தெளிவாக்குகிறது.

எனினும் துரைமாருக்கும் அக்காவல் முழுமையானதன்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அடுத்த ஆண்டு ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை கொலையுண்டார். சமூக உறவுகள் பகையாக முற்றிய நிலையில் சட்டமும் பொலிசுமே ஒருவரைக் காக்க இயலவில்லையெனில், நாய் எம்மாத்திரம்?

இனி லயத்து நாயை நோக்குவோம். நாய் தனக்குரியதெனக் கொள்ளும் எல்லையையே காக்கும். பங்களாவுக்கு வேலியும் வாயிலும் உண்டு. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ்த் தொடர்ந்து செல்லும் லயத்தில், ஒரு குடும்பத்தின் எல்லை எங்கு தொடங்கி எங்கு முடிகிறது? வீடும் நிலமும் தோட்டத்துக்குரியவை. உடைமையற்றவனின் நாய்க்குக் காப்பதற்கு உடைமை இல்லை. எனவே அது ஒரு குடும்பத்தின் நாயாக அன்றி லயத்தின் நாயாகவே வாழ்கிறது.

அந்நாயே ஆபத்தை வரவழைப்பதும் உண்டு. டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளில் தேயிலைக்கிடையே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. நாய் அவற்றுக்கு இரைகளுள் ஒன்றாதலால், சிறுத்தையை விரட்டுவதற்கு மாறாக லயத்தின் அருகே ஈர்க்கவும் செய்கிறது. விசர் நோய் மற்றோர் ஆபத்து. 1893 ஆம் ஆண்டின் விசர் நோய்க் கட்டளைச் சட்டத்தின் காலந்தொட்டு, கட்டாக்காலி நாய்களைக் கொல்லுதல் நோய்த்தடுப்பின் வழியாகக் கொள்ளப்பட்டது; 2006 இலேயே அக்கொள்கை கைவிடப்பட்டது. கட்டிவைக்க முற்றமில்லாத ஏழையின் நாயே இவ்வழிமுறையால் பெரிதும் பாதிப்புறும் என்பது வெளிப்படை.

பௌதிகக் காவல் இல்லாதவிடத்து மக்கள் அதனை நம்பிக்கையில் தேடினர். முனியாண்டி, மாடசாமி முதலிய காவற் தெய்வங்களுடன், தேயிலைத் தொழிற்சாலைக்குரிய ரோதைமுனியும் மலையகத்தில் வழிபடப்பட்டமை மனங்கொளத்தக்கது. நாயை ஊர்தியாகக் கொண்ட வைரவரைக் காவற் தெய்வமாகக் கொள்ளும் தமிழ் மரபையும் இதனோடு இணைத்து நோக்கலாம்.

1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் இவ்வினாவை இறுதிச் சோதனைக்கு உட்படுத்தின. 1977 இன் பின் தோட்டத் தமிழர் பலர் வவுனியாவை நோக்கிப் பெயர்ந்தனர். 1983 யூலையில் நுவரெலியா நகரில் தமிழரின் கடைகள் எரியூட்டப்பட்டன. கும்பலாக வருவோரை நாய் தடுக்காது. தப்பியோடச் சிறிது அவகாசத்தை அதன் குரைப்பு தரலாம். தேயிலைக்குள் ஒளிந்திருப்போரை அதே குரைப்பு காட்டிக்கொடுக்கவும் கூடும். அரசு காவாதவிடத்து நாயினால் அவ்வெற்றிடத்தை நிரப்புதல் இயலாது.

அங்ஙனமாயின் நாய் பயனற்றதா? அன்று. பயிற்றப்படாத நாயின் காவல் பெரும்பாலும் எச்சரிக்கையே, தாக்குதல் அன்று. எச்சரிக்கையின் மதிப்போ, அதைக் கேட்டு எழுவோரைப் பொறுத்தது. தனித்த பங்களாவில் குரைப்பு ஒருவரையே எழுப்பும். லயத்தில் அது பல குடும்பங்களை ஒருங்கே எழுப்பும். உடைமையின்மையால் பலவீனமாகத் தோன்றிய லயத்து நாயின் பலமும் இதுவே. குரைப்பு ஓர் அழைப்பு. அதற்கு விடையளிக்க வேண்டியவர் மனிதர். எனவே நம்பத்தக்கது நாயா என்பதிலும், அதன் குரலுக்குச் சேர்ந்தெழும் அமைப்பு நம்மிடம் உள்ளதா என்பதே வரலாறு நம்முன் வைக்கும் வினாவாகும்.